ஹெலன் டௌசிக்

ஹெலன் புரூக் டௌசிக் (மே 24, 1898 – மே 20, 1986) அமெரிக்காவைச் சேர்ந்த இதய நோய் மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். குழந்தைகள் இதயவியல் துறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளைக் காக்கும் அறுவை மருத்துவம் இவரது கருத்தில் இருந்தே உருவானது.

இளமையும் கல்வியும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பிராங்க் டௌசிக் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். ஹெலனுக்கு 11 வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். சிறுவயதில் எழுத்துக்களைப் படிப்பதில் இவருக்கு இடர்ப்பாடு இருந்தது. அக்காலத்தில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. எனவே பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் பயின்று 1927இல் பட்டம் பெற்றார். 1930இல் அங்குள்ள குழந்தைகள் இதய நோய்ப் பிரிவின் தலைவரானார்.

நீலக் குழந்தைகள் ஆய்வு

இவருக்குக் கேட்கும் திறன் படிப்படியாகக் குறைந்தது. ஆகையால் குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்து இதயத் துடிப்பை உணரப் பழகிக்கொண்டார். ஊடுகதிர்த் திரையிலும் இதயத்தின் வடிவத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார்.

ஃபாலோ நால்குறைபாடு உடைய குழந்தைகளுக்கு நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகி இருக்கும். போதிய குருதி நுரையீரலை அடையாததால் உடலுக்கு ஆக்சிசன் குறைந்து தோல் நீல நிறமாகும். கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் நாளம் பிறந்தபின் மூடிக்கொள்வது இயல்பு. அது மூடியதும் இக்குழந்தைகளின் நிலை மோசமாவதை டௌசிக் கண்டார். அத்தகைய இணைப்பைச் செயற்கையாக அமைத்தால் குழந்தை பிழைக்கும் என்று முடிவு செய்தார்.

அந்நாளத்தை 1938இல் அறுவை மூலம் மூடி வெற்றி கண்டிருந்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் குரோஸ் இக்கருத்தை ஏற்கவில்லை. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்த அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளேலாக் ஏற்றார். அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களில் சோதித்து அறுவை முறையை வகுத்தார்.

நவம்பர் 29, 1944 அன்று 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடைபெற்றது. கைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி நுரையீரல் தமனியுடன் இணைக்கப்பட்டது. அக்குழந்தை சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. எனினும் அடுத்து வந்த குழந்தைகள் நலம் பெற்றனர். 1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிளேலாக், டௌசிக் பெயர்கள் மட்டுமே இருந்தன. கறுப்பினத்தவரும் மருத்துவப் பட்டம் பெறாதவருமான தாமஸின் பங்கு பல ஆண்டுகள் கழித்தே ஏற்கப்பட்டது. தற்போது இம்முறை பிளேலாக்-தாமஸ்-டௌசிக் இணைப்பு எனவும் வழங்கப்படுகிறது.

பிற பணிகள்

1947இல் பிறவி இதயக் குறைபாடுகள் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். 1962இல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்று, தாலிடோமைடு மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கை கால் குறைபாட்டுடன் குழந்தைகள் பிறப்பதை ஆராய்ந்தார். நாடு திரும்பியதும் அதன் தீங்கை மருத்துவர்களிடமும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமும் எடுத்துரைத்தார். அமெரிக்க மருந்துச் சட்டம் அவ்வாண்டே கடுமையாக்கப்பட்டது.

சிறப்புகளும் மறைவும்

1959இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முழுப் பேராசிரியரானார். 1964இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். 1965இல் அமெரிக்க இதயக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். ஓய்வுக்குப் பின்னும் ஆய்வைத் தொடர்ந்தார். 88 வயது நிறைய நான்கு நாட்களே இருந்தபோது பென்சில்வேனியாவில் கார் விபத்தில் இறந்தார்.