போருக்கு அழைத்தவர் விட்டுச்சென்ற கிண்ணம்

எங்கள் ஊர் மைதானங்களில் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளின் அறிவித்தல்களில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். காலமான ஒரு விளையாட்டு வீரரின், ஓர் ஆசிரியரின், அல்லது ஒரு குடும்பம் இழந்த பிள்ளையின் பெயர். அதன் பக்கத்தில் ‘ஞாபகார்த்தக் கிண்ணம்’ என்று போட்டிருக்கும். கனடாவிலும் அப்படி ஒரு கிண்ணம் உண்டு. ‘மெமோரியல் கிண்ணம்’ என்ற அதன் பெயருக்கும் அதே பொருள்தான். அங்கே ஜூனியர் ஐஸ் ஹொக்கி விளையாடும் இளைஞர்கள் ஒவ்வொரு பருவகாலமும் கனவு காணும் பரிசு அது. முதலாம் உலகப் போரில் உயிரிழந்த கனேடியப் படையினரின் நினைவாக 1919 இல் அது உருவாக்கப்பட்டது.

அந்தக் கிண்ணத்துக்கான யோசனையை முன்வைத்தவர் கப்டன் ஜேம்ஸ் தோமஸ் சதர்லண்ட். போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹொக்கி விளையாடும் இளைஞர்களைப் படையில் சேரும்படி பகிரங்கமாக அழைத்தவரும் அவரே. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சதர்லண்ட் 1870 ஒக்ரோபர் 10 ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்தின் கிங்ஸ்ரன் நகரில் பிறந்தார். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் கிங்ஸ்ரன் ஒரு படைநகரம். கோட்டையும் அரச இராணுவக் கல்லூரியும் குயின்ஸ் பல்கலைக்கழகமும் அங்கே இருந்தன. மாரியில் ஏரி உறைந்தால் மாணவர்களும் படையினரும் பனிக்கட்டியில் இறங்கி ஹொக்கி விளையாடுவார்கள். சதர்லண்டும் அப்படி விளையாடி வளர்ந்தவர்தான். பிழைப்புக்குச் சப்பாத்து வியாபாரம். ஆனால் ஊரில் அவரை எல்லோரும் அறிந்தது ஹொக்கியால்தான். ‘புரொன்ரனாக்ஸ்’ என்ற கழகத்தைப் பயிற்றுவித்து, நிர்வகித்து, ஊரின் பெருமையாக அதை வளர்த்தெடுத்தார்.

அவருடைய ஜூனியர் அணியில் விளையாடியவர் அலன் டேவிட்சன். எல்லோரும் அவரை ‘ஸ்கொட்டி’ என்று அழைத்தார்கள். 1911 இல் ஒன்ராறியோ ஜூனியர் சம்பியன் பட்டத்தை வென்ற கிங்ஸ்ரன் அணியின் நட்சத்திரம் அவர். பிறகு ரொறன்ரோ சென்று தொழில்முறை வீரரானார். 1914 இல் அவர் தலைமை தாங்கிய ரொறன்ரோ அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அந்தக் காலத்தில் அவருக்கு இணையாகச் சறுக்கி ஓடக்கூடியவர்கள் மிகச் சிலரே.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் போர் வந்தது. டேவிட்சன் உடனடியாகப் படையில் சேர்ந்தார். கிங்ஸ்ரனின் இன்னொரு நட்சத்திர வீரரும் சதர்லண்டின் நண்பருமான ஜோர்ஜ் ரிச்சட்சனும் புறப்பட்டார். 1915 ஜூன் மாதம் பிரான்சின் கிவன்ஷி பகுதியில் நடந்த சண்டையில் டேவிட்சன் கொல்லப்பட்டார். எட்டு மாதங்களின் பின்னர், 1916 பெப்ரவரியில், பெல்ஜியத்தில் ரிச்சட்சன் உயிரிழந்தார்.

இந்த இருவரும் சதர்லண்டின் அழைப்பைக் கேட்டுப் போனவர்கள் அல்லர். போர் தொடங்கியவுடனேயே அவர்கள் போய்விட்டார்கள். சதர்லண்ட் ஒன்ராறியோ ஹொக்கி சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றது 1915 இல். அந்தப் பதவியிலிருந்துதான் அவர் வீரர்களை நோக்கி எழுதினார். ஹொக்கி விளையாடத் தேவைப்படும் துணிவுதான் ஐரோப்பாவின் போர்முனைகளுக்கும் தேவை, அங்கே நடப்பது இதைவிடப் பெரிய ஆட்டம், சங்கத்தின் வீரர்கள் அதிலும் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது அவருடைய வாதம். டேவிட்சனின் மரணத்தை அறிந்திருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை இன்று வாசிக்கும்போது மனம் சற்றுத் தடுக்கி நிற்கிறது.

அன்றைய கனடாவில் அவர் மட்டும் இப்படிப் பேசவில்லை. விளையாட்டு மைதானம் ஆட்சேர்ப்புக்கு வசதியான இடமாகியிருந்தது. 1916–17 பருவகாலத்தில் 228 ஆவது பட்டாலியன் தன் வீரர்களைக் கொண்டே ஓர் அணியை அமைத்துத் தொழில்முறை லீக்கில் விளையாடியது. பருவகாலம் முடியும் முன்னரே, 1917 பெப்ரவரியில், அந்த அணி கடல்கடந்து போருக்கு அனுப்பப்பட்டது. தாமாகச் சேர்வோர் குறைந்துபோக, அந்த ஆண்டிலேயே அரசு கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சதர்லண்ட் மற்றவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருந்தவர் அல்லர். நாற்பது வயதைத் தாண்டிய நிலையில் தானும் படையில் சேர்ந்து, கப்டன் பதவியில் கடல்கடந்து சேவையாற்றினார். ஆனால் அவர் உயிரோடு திரும்பினார். 80 இலட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்டிருந்த கனடா அந்தப் போரில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது.

இறந்தவர்களுக்கு ஊர்கள்தோறும் கல் நாட்டினார்கள். சதர்லண்டின் யோசனை வேறு. வளர்ந்தோருக்கான ஹொக்கியில் தேசிய அளவில் அலன் கிண்ணம் ஏற்கெனவே இருந்தது. ஜூனியர்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஜூனியர் என்றால் இருபது வயது வரையான பிள்ளைகள். போர்முனையில் மடிந்தவர்களில் ஏராளமானோர் அந்த வயதை அப்போதுதான் கடந்தவர்கள். அவர்களின் நினைவாக ஜூனியர்களுக்கு ஒரு தேசியக் கிண்ணம் வேண்டும் என்றார். ஒன்ராறியோ ஹொக்கி சங்கம் 1919 மார்ச்சில் அதை வழங்கியது.

முதல் இறுதிப்போட்டி அதே மாதம் ரொறன்ரோவில் நடந்தது. ரெஜைனா நகரின் பற்றீசியா அணி இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் பயணம் செய்து வந்தது. கனடாவின் புகழ்பெற்ற படைப்பிரிவொன்றுக்கும் அதே பற்றீசியா இளவரசியின் பெயர்தான். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்களைக் கொண்டு வெற்றி தீர்மானிக்கப்பட்டது. ‘யுனிவர்சிற்றி ஒஃப் ரொறன்ரோ ஸ்கூல்ஸ்’ என்ற பாடசாலையின் அணி 29–8 என்ற கணக்கில் வென்றது. போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விஷக்காய்ச்சல் இன்னும் ஓயவில்லை. அதே வசந்தத்தில் ஸ்டான்லி கிண்ண இறுதிப்போட்டி அந்தக் காய்ச்சலால் இடையில் கைவிடப்பட்டது.

1919 முதல் 1921 வரை கனேடிய அமெச்சூர் ஹொக்கி சங்கத்தின் தலைவராக சதர்லண்ட் இருந்தார். பிற்காலத்தில் ஹொக்கியின் வரலாற்றை எழுதுவதில் இறங்கினார். விளையாட்டு பிறந்தது கிங்ஸ்ரனில்தான் என்று உறுதியாக வாதிட்டார். வரலாற்றாய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஹொக்கிப் புகழ்மண்டபம் தன் ஊரில் அமைய வேண்டும் என்றும் பாடுபட்டார். 1943 இல் அதற்குக் கிங்ஸ்ரன் தெரிவானது. 1947 இல் அவரும் அதில் சேர்க்கப்பட்டார். டேவிட்சனும் ரிச்சட்சனும் 1950 இல் சேர்க்கப்பட்டார்கள். 1955 செப்ரெம்பர் 30 ஆம் திகதி, 85 ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்கள் இருக்க, சதர்லண்ட் காலமானார். 1961 இல் புகழ்மண்டபக் கட்டடம் திறக்கப்பட்டது ரொறன்ரோவில்.

இன்றைய ஜூனியர் பருவகாலம் நீண்டது. 16 முதல் 20 வயது வரையானவர்கள் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய், முன்பின் அறியாத குடும்பங்களோடு தங்கி, அங்கேயே படித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். ஒன்ராறியோ லீக்கில் செப்ரெம்பரிலிருந்து மார்ச் வரை ஓர் அணிக்கு 68 ஆட்டங்கள். இரவிரவாக பஸ் பயணங்கள். மூன்று லீக்குகளின் சம்பியன்களும் போட்டியை நடத்தும் ஊரின் அணியும் கடைசியில் இந்தக் கிண்ணத்துக்காக மோதுகின்றன. கிங்ஸ்ரன் அணி ஒருமுறைகூட அதை வென்றதில்லை. 2010 இல், எல்லாப் போர்களிலும் உயிரிழந்த கனேடியப் படையினருக்கும் உரியதாகக் கிண்ணம் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது.

டேவிட்சனுக்குக் கல்லறை இல்லை. பிரான்சின் விமி நினைவுத்தூபியில், அடக்கம் செய்யப்பட்ட இடம் தெரியாத 11 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் பெயர்களோடு அவருடைய பெயரும் இருக்கிறது. பிள்ளையின் உடலைக் காணாமல் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எப்படியென்று எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

சதர்லண்ட் உருவாக்கிய கிண்ணம் நல்ல நினைவுச்சின்னம்தான். கல் அசையாமல் நிற்கும். கிண்ணத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிய கைகள் தூக்குகின்றன, இறந்தவர்களின் வயதை ஒத்த கைகள். ஆனால் எந்த நாட்டிலும், எந்தப் பக்கத்திலும், நினைவுச்சின்னங்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. இறந்தவர்கள் யார் என்று அவை சொல்கின்றன. அழைத்தவர்கள் யார் என்று சொல்வதில்லை. சதர்லண்டின் வாழ்க்கையில் இரண்டுக்கும் விடை இருக்கிறது. அவர் அழைத்தார், தானும் போனார், திரும்பி வந்தார், வராதவர்களை மறக்கவிடாமல் ஒரு கிண்ணம் செய்தார். கிண்ணத்துக்காக அவரைப் பாராட்டலாம். அழைப்பையும் அதோடு சேர்த்து நினைவில் வைத்தால்தான் கணக்குச் சரியாகும்.