குன்னூர் எலிகளும் சென்னைச் சாப்பாடும்
(டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

கல்மண்டபம் கடைவீதியில் அரிசி வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது வெண்மையைத்தான். வெள்ளை வெளேரென்று இருந்தால் நல்ல அரிசி என்பது நம் மக்களின் கணக்கு. அந்தக் கணக்கு தவறென்று, நம் நீலகிரி மலையிலேயே எலிகளையும் புறாக்களையும் சாட்சியாக நிறுத்தி மெய்ப்பித்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். அவரைப் பற்றி நம் கல்லூரி நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878 மார்ச் 15ஆம் நாள் பிறந்தார் ராபர்ட் மெக்காரிசன். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். வடமேற்கு எல்லையில் சில காலம் பணியாற்றியபின் 1904இல் கில்கிட்டுக்கு அனுப்பப்பட்டார். பனிமலைகளுக்கு நடுவே கழித்த ஏழாண்டுகளில் அவர் கருத்தைக் கவர்ந்தது முன்கழுத்துக் கழலை நோய். ஒரே வாய்க்கால் நீரை வரிசையாகக் குடித்துவந்த கிராமங்களில், கீழே போகப் போக நோயாளிகள் பெருகியிருப்பதைக் கண்டார். நீரின் மாசுதான் காரணமோ என்று ஐயுற்றார். அந்த நீரின் வண்டலைத் தாமும் குடித்தார். இசைந்த சிலருக்கும் கொடுத்தார். அவர்களுள் சிலருக்குக் கழுத்து வீங்கவும் செய்தது!

ஆயினும் அவர் முடிவு முழு உண்மையன்று. கழலைக்கு முதற்காரணம் அயோடின் பற்றாக்குறையே என்பதை, பள்ளிச் சிறுமியருக்கு அயோடின் உப்புக் கொடுத்து அமெரிக்காவில் டேவிட் மரைன் பின்னர் நிறுவினார். தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிய துணிவு பெரிதுதான். ஆனால் துணிவு வேறு, சரியான விடை வேறு.

1918இல் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். அவருடைய வாழ்வின் வளமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அக்காலச் சென்னை மாகாணத்தின் வடகோடித் தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஏழைகள் மாண்டனர். ஆலையில் தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்கள் கழுத்து பின்னுக்கு வளைய, நிற்க முடியாமல் தள்ளாடி விழுவதை மெக்காரிசன் ஆராய்ந்தார். இறந்தவற்றை அறுத்து உறுப்பு உறுப்பாக எடை போட்டார். குறையுள்ள உணவு நரம்பை மட்டுமன்றிக் குடலையும் சுரப்பிகளையும் கெடுக்கிறது என்பது அவர் கண்டது. குரங்குகளுக்கும் அதே கதி நேர்ந்தது.

அரிசியின் சத்து தவிட்டோடு போகிறது. எஞ்சியது கழுநீரிலும் வடிகஞ்சியிலும் போகிறது. நெல்லை ஊறவைத்து அவித்தால் சத்து உள்ளே இறங்கிவிடும்; பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிதாக இருந்ததற்கு இதுவே காரணம். நெல் அவித்த நம் பாட்டிமார் தயமின் என்ற பெயரைக் கேட்டதே இல்லை. ஆனால் கழுநீரை எருமைத் தொட்டியில் ஊற்றியதும் அவர்கள்தாம். அந்த மட்டில் எருமைக்கு வைட்டமினும் நமக்கு மாவும் கிடைத்தன. அந்தத் தயமினை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ஆர்.ஆர். வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தயமின் குறை அரிசி உண்போரின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1932இல், மென்மயிருக்காக வளர்க்கப்பட்ட நரிகள் திடீரென்று வாதம் கண்டு மடிந்தன. பண்ணையாளர் சிக்கனம் கருதிப் பச்சை மீனைத் தீவனத்தில் கலந்திருந்தார். கெண்டை போன்ற சில மீன்களில் தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. வேகவைத்தால் அது அழிந்துவிடும். மிங்க் என்னும் பிராணிக்குச் சிலவகைக் கடல்மீனைப் பச்சையாகக் கொடுத்தால் இரும்புச் சத்து உடலில் சேராமல், உள்மயிர் பஞ்சுபோல் வெளுத்துவிடும். அந்தத் தோலுக்கு விலையும் இராது. காசிமேட்டு மீனைக் குழம்பு வைத்தே உண்ணும் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

1923இல் அரசாங்கத்தின் சிக்கன நடவடிக்கையால் மெக்காரிசனின் ஆய்வு நிறுத்தப்பட்டது. மக்கள் உணவைப் பற்றிய ஆராய்ச்சிதான் வெட்டுவதற்கு எளிதாகக் கிடைத்தது போலும்! 1925இல் மீண்டும் தொடங்கியபின், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை இறைச்சி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராட்டியர் உணவுகள் அடுத்து வந்தன. கடைசி இடம் யாருக்கு? சென்னைச் சாப்பாட்டை உண்ட எலிகளுக்கு.

இதைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்த எலிகளுக்கு வைத்தது தமிழனின் விருந்தல்ல. நிறையச் சோறும் சிறிதளவு பருப்பும், காய்கறியும், பேருக்குப் பாலும் கொண்ட ஏழையின் அன்றாடத் தட்டு. கேழ்வரகும் கம்பும் மீனும் முருங்கைக்கீரையும் வேண்டிய அளவு சேர்ந்த தட்டு என்றால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. பால் வாங்கக் காசில்லாதவனிடம் பால் குடி என்பது வைத்தியமாகாது. மெக்காரிசன் வறுமையை அறியாதவரல்லர். ஆயினும் அது எலிக் கூண்டில் அடங்காத காரணம்.

தம் சொந்த நாட்டாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆங்கில ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், டப்பா இறைச்சி, ஜாம், சர்க்கரைத் தேநீர் ஆகியவற்றை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றின; பணியாட்களைக் கடித்தன; இரண்டு மாதத்துக்குள் வலியவை எளியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. கோவை வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் சேர்ந்து, நிலத்துக்கு இடும் எரு தானியத்தின் சத்தை எப்படி மாற்றுகிறது என்றும் ஆராய்ந்தார். 1926இல் அது வெளியாயிற்று. பள்ளிகளுக்கென்று உணவைப் பற்றி எளிய நூல் ஒன்றும் எழுதினார்.

1933இல் சர் பட்டம் வந்தது. 1935இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, மறு ஆண்டு லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் குன்னூர் எலிகளின் கதையை விரிவாகச் சொன்னார். 1960 மே 18ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அவர் குன்னூரில் அமைத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.