வறண்ட மண்ணில் தீ வளர்த்தவர்

நரிக்குடியும் திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் சூழ்ந்த நம் வானம் பார்த்த பூமிக்கு மழை என்பது அரிய விருந்தாளி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிடில் சீமைக்கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. இவ்வறட்சியை ஒரு சாபமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆயினும் இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அந்த வறட்சியையே முதலாகக் கொண்டு ஒரு பெருந்தொழிலை நிலைநாட்டிய பெருமகனார் ஒருவர் வாழ்ந்தார். அவரே சிவகாசி பி. அய்ய நாடார். அவர்தம் வாழ்க்கையை எழுதப் புகுவோர், அவர் கையாண்ட மருந்துப் பொருள்களின் வரலாற்றையும் உடன் எழுதியாக வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் சொல்வது பாதி உண்மையே ஆகும்.

அய்ய நாடார் 1905-இல் பிறந்தார். அந்நாளில் சிவகாசி, வேளாண்மை பொய்த்துப்போன ஒரு சிற்றூர். வணிகம் செய்யலாம், வாங்குவோர் கையில் காசு வேண்டுமே! 1922-இல் அவரும் அவர்தம் உறவினரான சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அப்பொழுது அய்ய நாடாருக்கு வயது பதினேழே. தமிழன்றி வேறு மொழி வழங்கும் ஊரில், தீப்பெட்டி செய்யும் தொழிலை அவ்விருவரும் கைப்படப் பழகினர். ஜப்பானியரிடமிருந்து வங்காளிகள் கற்றுக்கொண்ட கைத்தொழில் அது. அதே 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசு கடும் சுங்கவரி விதித்திருந்தமையால், உள்நாட்டில் தீப்பெட்டி செய்வோர்க்கு நல்ல காலம் பிறந்திருந்தது.

தீக்குச்சி பார்வைக்கு எளியது. அதன் தலையில் இருப்பதோ எளிய பொருளன்று. பொட்டாசியம் குளோரேட் என்னும் அவ்வுப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தவர் பெர்த்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலார். வெடியுப்புக்கு மாற்றாக இதனைக் கொண்டு துப்பாக்கி மருந்து செய்யலாம் என்று கருதி, 1788-இல் எசோன் என்னும் ஊரில் சோதனை நடத்தினர். கலவை அரைக்கப்படும்போதே வெடித்தது, இருவர் மாண்டனர். புகழ்பெற்ற அறிவியலாளர் லவாய்சியரும் அவர் துணைவியாரும் சற்று முன்னர் அவ்விடம் விட்டு அகன்றிருந்தமையால் உயிர் பிழைத்தனர். குளோரேட்டில் உயிர்வளி தளர்வாகவே பிணைந்துள்ளது. கந்தகமோ பாஸ்பரசோ அருகிருப்பின், ஓர் உராய்வே அதனைப் பிரித்தெடுக்கப் போதும். சிவப்புப் பாஸ்பரசும் குளோரேட்டும் உலர்ந்த நிலையில் கலந்தால், தொட்டாலும் வெடிக்கும். இவ்விரண்டையும் பிரித்து, ஒன்றைக் குச்சியின் தலையிலும் மற்றொன்றைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்ததே பாதுகாப்புத் தீக்குச்சியின் சூழ்ச்சி. 1855 அளவில் சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் இதனைத் தொழிலாக்கினார். அதற்கு முன்னர் வழங்கிய வெண்பாஸ்பரஸ் குச்சிகள் தொழிலாளரின் தாடை எலும்பையே அரித்தன. அவற்றை இந்திய அரசு 1913-இல் சட்டத்தால் தடுத்தது. ஆகவே அய்ய நாடார் கற்கச் சென்றபொழுது, தீக்குச்சியின் மிகக் கொடிய காலம் கடந்துவிட்டிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1923-இல் ஊர் திரும்பிய இருவரும் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்துத் தொழில் தொடங்கினர். அது எதிர்பார்த்த பயன் தரவில்லை. இயந்திரத்தைவிட மனிதக் கை மலிவாகக் கிடைக்கும் ஊர் அது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்து கைத்தொழிலுக்கு மாறினர். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுப் பெண்களுக்கும் வேலையாயின. 1926-இல் உறவினர் இருவரும் மனக்கசப்பின்றிப் பிரிந்து தனித்தனியே நிறுவனங்கள் நடத்தினர். சண்முக நாடார் காளீஸ்வரியை வளர்த்தார்; அய்ய நாடார் அணில் சின்னத்தை நாடறியச் செய்தார். பெரும் மூலதனத்தோடு வந்த சுவீடன் நாட்டு நிறுவனத்தின் போட்டிக்கு நடுவே இச்சிற்றூர்க் கைத்தொழில் தாக்குப் பிடித்தது வியப்பே.

தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்குச் சென்றது ஒரு சிறு தாவல்தான். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. வண்ண மத்தாப்புக் குச்சிகளில் தொழிலதிபர் கவனம் சென்றது. 1940-இல் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொணர்ந்தன. உலகப் போரினால் அயல்நாட்டுப் பட்டாசு வரவும் நின்றது. சிவகாசியின் வானம் அப்பொழுதுதான் வண்ணம் பூண்டது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. வெயிலில் திரியும் மருந்தும் எளிதில் உலரும்.

பட்டாசின் தொன்மையான மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. இதில் இசுலாமிய உலகுக்கும் பங்குண்டு என்பதை இங்கே சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அல்-ரம்மாஹ், மரச்சாம்பல் கொண்டு வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையைத் தம் நூலில் எழுதிவைத்தார். அரபு மக்கள் வெடியுப்பைச் சீனத்துப் பனி என்று அழைத்தனர். இக்கருமருந்து ஓரளவு பொறுமையுடையது. தீப்பட்டாலன்றிப் பெரும்பாலும் சினவாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை அத்தகையதன்று. உரசினால் வெடிப்பது ஒருபுறம். ஈரக்காற்றில் கந்தகத்திலிருந்து சிறிதளவு அமிலம் தோன்றி, அது குளோரேட்டைச் சிதைக்க, யாரும் தொடாமலே தீப்பற்றுவதும் உண்டு. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையிலும் ஈரம் பட்டால் உள்ளே வெப்பம் பெருகும். அன்று கலந்த மருந்தை மறுநாளுக்கு மீத்து வைத்தல் ஆகாது என்பது இதனாலேயே. வெயிலும் பகை, ஈரமும் பகை என்னும் இத்தொழிலில், ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது, இரும்புக் கருவி கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்று விதிகள் எழுந்தன. அவ்விதிகள் யாவும் விபத்துகளுக்குப் பின்னரே எழுதப்பட்டன என்று கூறினால் மிகையாகாது.

அய்ய நாடார் செல்வம் சேர்த்ததோடு நின்றவரல்லர். சிவகாசி நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றுப் பணியாற்றினார். 1963-இல் தம் பெயரும் துணைவியார் பெயரும் இணைந்த அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியை நிறுவினார். தொழிற்கூடத்தில் வேலை செய்தோரின் ஊரிலேயே வேதியியலும் கற்பிக்கப்படும் நிலை அதனால் உண்டாயிற்று. அவருடைய பணிகளுள் தலையாயது இதுவே என்பது நம் துணிபு. அதே வேளையில், அவர் தொடங்கி வைத்த தொழில் பரவிய பல்லாண்டுகளில் பள்ளிப் பருவத்துச் சிறாரும் தீப்பெட்டிக் கூடங்களில் கட்டை அடுக்கினர் என்பதை மறைத்தல் தகாது. அய்ய நாடார் 1982-இல் மறைந்தார். அதற்குப் பின்னரே சிறார் உழைப்பைத் தடுக்கும் சட்டம் 1986-இலும், சிவகாசிச் சிறார் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இலும் வந்தன.

மருந்தைப் பொறுத்தும் திருத்தங்கள் காலந்தாழ்ந்தே வந்தன. குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலந்து பட்டாசு செய்வதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. 1788-இல் எசோன் ஊரில் பெற்ற பட்டறிவு, சட்டமாக நம் மாவட்டத்தை அடைய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தடைக்குப் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்கூடத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. மாண்டவருள் பலர் அக்கூடத்தில் வேலை செய்தவர் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவிக்கு ஓடிவந்த அண்டை ஊரார். அடுத்தடுத்த அறைகள் வெடித்தபொழுது அவர்கள் அருகே நின்றுகொண்டிருந்தனர்.