இராமாநுஜனும் ஆங்கிலத் தாளும்

எம்மூராகிய நைனார்பாளையத்தில் அரசாங்க உத்தியோகத்திற்கும் வங்கி உத்தியோகத்திற்குமுரிய போட்டித் தேர்வுகளை எழுதுவோர் ஆண்டுதோறும் பலராவர். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் யாமும் அவர்களோடு அமர்ந்து, ஆங்கில வாக்கியத்திற் பிழை காணும் வினாக்களையும், ஒரு பத்தியைப் படித்து அதன் கீழுள்ள வினாக்களுக்கு விடையிறுக்கும் பயிற்சியையும் செய்து வருகிறோம். கணக்கிற் பத்துக்கு ஒன்பது வாங்குபவர் ஆங்கிலத்திற் பத்துக்கு மூன்று வாங்கி முகம் வாடுதல் அங்கே பழகிய காட்சி. அவ்வேளைகளில் எவரேனும் ஒருவர் தவறாது சாட்சிக்கு அழைக்கும் பெயர் ஒன்றுண்டு. கணித மேதை சீனிவாச இராமாநுஜனே ஆங்கிலத்தில் தோற்றவரன்றோ, நமக்கென்ன என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடுவர். யாமும் ஒரு முறை அவ்வாறு மூடியதுண்டு. பின்னர் அப்பெரியாரின் சரித்திரத்தை ஊன்றிப் படித்தபோது, யாம் அழைத்த சாட்சி எம் பக்கம் பேசவில்லை என்பதை உணர்ந்தோம். ஆதலின் அச்சரித்திரத்தை, அதனுள் ஆங்கிலத் தாள் புகுந்த இடங்களைச் சற்று விரித்து, நம் கல்லூரி அன்பர் முன் வைக்கிறோம்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடிச் சிறு வருவாய் ஈட்டியவர். வறிய குடும்பமே எனினும் கல்வியில் அக்கறை குன்றாத குடும்பம். 1897ஆம் ஆண்டு நவம்பரில், பத்து வயது நிரம்புமுன், ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகியவற்றில் நடந்த ஆரம்பப் பரீட்சையில் அச்சிறுவர் ஜில்லாவிலேயே முதல்வராய்த் தேறினார். அந்நான்கனுள் ஆங்கிலமும் ஒன்று என்பதை எம்மூர் நண்பர் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலம் வராத பிள்ளையாக அவர் தொடங்கவில்லை.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலிற் படிக்குங்காலத்து, 1903ஆம் ஆண்டளவில், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. பல்லாயிரம் சூத்திரங்களை, நிரூபணம் ஏறக்குறைய இன்றியே, வரிசை எண்ணிட்டு அடுக்கிய நூல் அது. இதில் ஒரு விந்தையுண்டு. கார் என்பவர் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சைக்கு மாணாக்கரைப் பழக்கும் தனியாசிரியராய் இருந்தவர். பரீட்சைக்குச் செல்வோர் நினைவிற் கொள்ளும் பொருட்டே அந்நூல் எழுந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கு அதனை ஒருவகையிற் பாட்டன் எனலாம். பிறருக்குப் பரீட்சைத் துணையான அந்நூல் இராமாநுஜனுக்குப் பரீட்சைப் பகையாயிற்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிக் காணப் புகுந்தவருக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. அன்றியும், சூத்திரத்தை மட்டும் எழுதி வழியை எழுதாது விடும் வழக்கமும் அந்நூலிலிருந்தே அவருக்குப் படிந்தது என்பர்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதல் வகுப்பிற் தேறிய அவருக்கு 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிற் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அச்சம்பளம் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சிறந்தோருக்கு வழங்கப்பட்டு வந்தது. ஆங்கிலத்தால் ஒருபாதி பெற்ற அதனை ஓராண்டுக்குள் அவர் ஆங்கிலத்தாலேயே இழந்தார். வகுப்பில் ஆங்கிலமோ சரித்திரமோ எது நடப்பினும் அவர் குறிப்பேட்டிற் கணிதமே நடந்தது. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். மேல்வகுப்புக்கு ஏற்றம் இல்லை. உபகாரச் சம்பளமும் நின்றது. அச்சம்பளமின்றிப் படிக்க இயலாத குடும்பம். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டில் யாருக்கும் அறிவியாது வீட்டை விட்டு விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பதினேழு வயது, எம்மினும் இரண்டு வயது இளையவர். புகழ்மாலை சூட்டும் நூல்கள் இவ்விடத்தை ஒரு வரியிற் கடந்து செல்கின்றன. தாயார் அந்நாட்களை எவ்வாறு கழித்திருப்பார் என்று எண்ணினால் எமக்கு அவ்வாறு கடக்க மனம் வரவில்லை.

மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோய் குறுக்கிட்டது. 1907ஆம் ஆண்டு டிசம்பரில் கல்லூரி சாராது தனியே எப்.ஏ. பரீட்சை எழுதினார். கணிதத்தில் தேறி, ஆங்கிலம், சமஸ்கிருதம், உடற்கூறு முதலியவற்றிற் குறைந்தமையால் மீண்டும் தோல்வியுற்றார். ஒரு பாடத்தின் குறை ஏனைய பாடத்தின் நிறைவை முழுதும் விழுங்கும் அவ்விதி கொடிது என்பதில் எமக்கு ஐயமில்லை. அதற்காகக் குறை குறையன்று ஆகிவிடாது. பட்டமின்றி அவர் அலைந்த ஆண்டுகள் பல. சிற்சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும், நண்பர் இல்லங்களில் உண்டும், குறிப்பேடுகளை நிரப்பினார். 1909ஆம் ஆண்டில் ஜானகி அம்மையாரை மணந்தபின் வேலை தேடும் கட்டாயம் மிகுந்தது.

இவ்விடத்தில்தான் அவர் சரித்திரம் எம் நாட்டுப் பக்கம் திரும்புகின்றது. 1910ஆம் ஆண்டில் இராமாநுஜன் குறிப்பேட்டைக் கையிற் கொண்டு திருக்கோவலூர் வந்தார். அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2019ஆம் ஆண்டு முதல் எம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பெண்ணையாற்றங்கரையும் மூன்று ஆழ்வார்கள் கூடிய இடைகழியும் கபிலர் குன்றுமாகத் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் நிலைத்த அவ்வூரில், இப்படியொரு வரவும் நிகழ்ந்ததென்பதை எம்மவர் பலர் அறியார். அங்கே டெபுடி கலெக்டராயிருந்தவர் வே. இராமசாமி ஐயர், 1907ஆம் ஆண்டில் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். தம் அதிகாரத்துக்குட்பட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை தருமாறு இராமாநுஜன் வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய ஒருவரை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் அமர்த்தி அவர் ஆற்றலை அவித்தல் தகாதென்று எண்ணி வேலை தர மறுத்தார். மறுத்ததோடு நில்லாது சென்னையிலுள்ள கணித அறிஞர்க்கு அறிமுகக் கடிதமும் கொடுத்தனுப்பினார். தேர்வு எழுதாத ஒருவரைத் தேர்ந்தெடுத்த வாசகர் அவர். அக்கடிதங்களின் வழியே சேஷு ஐயர் துணையும், பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் தந்த 25 ரூபாயும் கிடைத்தன.

1911ஆம் ஆண்டில் அக்கணித சங்கத்தின் பத்திரிகையில் இராமாநுஜனது முதற்கட்டுரை வெளிவந்தது. எளிதில் வெளிவந்துவிடவில்லை. அவர் எழுதும் முறை மிகச் சுருங்கியும் தெளிவற்றும் இருந்தமையால், பயின்ற கணிதருக்கும் பொருள் விளங்கவில்லையென்று பத்திராதிபர் நாராயண ஐயங்கார் பன்முறை திருப்பியனுப்பித் திருத்துவித்தார். 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதர். மாலைதோறும் இருவரும் சிலேட்டுப் பலகையில் கணக்கிடுவர். பத்துப் படிகளை இரண்டு படிகளாகத் தாண்டிச் செல்லும் இராமாநுஜனை நிறுத்தி, பிறர் அறிவின் அளவுக்கு இறங்கி இடைப்படிகளையும் எழுதுமாறு ஐயர் வற்புறுத்துவார் என்பர். கல்லூரியில் தவறிய கட்டுரைப் பாடத்தை இராமாநுஜன் மீண்டும் படித்த வகுப்பு அந்தச் சிலேட்டுப் பலகையே என்று யாம் கருதுகிறோம். எவ்வளவு உயர்ந்த பொருளாயினும் படிப்பவன் ஏறுதற்குப் படி வேண்டுமன்றோ?

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ராஸ் என்பவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. போலந்து நாட்டுக் கணிதர் ஒருவரின் கண்டுபிடிப்பை இராமாநுஜன் முன்னரே கண்டிருப்பது கண்டு வியந்து வகுப்புக்குள் விரைந்து வந்து, இராமாநுஜனுக்குப் போலந்து மொழி தெரியுமோ என்று மாணாக்கரைக் கேட்டாராம். ஆங்கிலத் தாளில் தோற்றவருக்கு இவ்வையம் எழுந்தது சுவையானதே.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் உலகறிந்தது. தாம் துறைமுகக் கழக எழுத்தர், சர்வகலாசாலைக் கல்வியில்லாதவர் என்று தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளை நிரூபணமின்றி அதனோடு அடுக்கியிருந்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் கூடியிருந்து படித்து, எழுதியவர் மேதையே என்று தெளிந்தனர். ஆயினும் விடைக்கடிதத்தில் ஹார்டி முதலில் வேண்டியது நிரூபணங்களையே. சென்னைச் சர்வகலாசாலை பட்ட விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை வந்த நெவில் என்பார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்தபோது, அவர் நெஞ்சிலிருந்த அச்சங்களுள் இரண்டு, தம் ஆங்கிலம் போதுமோ என்பதும், மீண்டும் பரீட்சை எழுத நேருமோ என்பதுமாம். ஆங்கிலம் போதும், பரீட்சை இல்லை என்று நெவில் தேற்றினார். பத்தாண்டு கழிந்தும் அத்தாளின் அச்சம் அவரை விட்டகலவில்லை. அவரைக் காட்டிப் புத்தகத்தை மூடுவோர் இதனை நினைத்தல் நன்று.

மார்ச் 17இல் நெவாசா என்னும் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சியால் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918இல் ராயல் சங்க உறுப்பினர் பதவியும், டிரினிட்டிக் கல்லூரி உறுப்பினர் பதவியும் எய்தியதை யாவரும் அறிவர். அந்நாட்களில் அவர் கட்டுரைகள் யாவும் தம் கைவழியே சென்றன என்றும், தொடக்கத்தனவற்றைத் தாமே முழுதும் திருப்பி எழுதியதாகவும் ஹார்டி பிற்காலத்துக் கூறியுள்ளார். அறிவுலகின் முதல்வர் ஒருவர் மற்றொருவருக்குக் கட்டுரை எழுதுவோனாய் அமர்ந்தார் எனின், அப்பணி சிறிதென்று யார் சொல்லக்கூடும்?

போர்க்கால இங்கிலாந்தில் நோயுற்று 1919இல் தாய்நாடு திரும்பினார். 1920 ஜனவரியிற் படுக்கையிலிருந்தபடியே ஹார்டிக்கு இறுதிக் கடிதம் எழுதினார். போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதியனவற்றை அதிற் பல எடுத்துக்காட்டுக்களால் காட்டினாரேயன்றி, அவை யாவை என்னும் இலக்கணத்தை முழுதும் விளக்கவில்லை. ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில், சென்னையில் உயிர் நீத்தார். அக்கடிதத்தைக் கணிதர் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தனர். அச்சார்புகளின் உண்மையியல்பு, நெதர்லாந்து தேசத்து இளைஞர் ஸ்வெகர்ஸ் என்பவர் 2002ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சியுரையிலேதான், எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், விளங்கலாயிற்று.