மயிலாப்பூர் சங்கத்து அக்கா: துர்காபாய் தேஷ்முக்

பத்துப் பொம்பளைங்க கூடி உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க என்று நம்மில் பல பேரை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். குழு தொடங்கிய புதிதில் இதைக் கேட்காத உறுப்பினர் குறைவு. தோழிகளே, மயிலாப்பூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன சங்கம் நடத்திய அக்கா ஒருவரின் கதை இது. அந்தச் சங்கம் என்னவாக வளர்ந்தது என்பதை நம்ம உறுப்பினர்கள் தெரிஞ்சுக்கணும்.

துர்காபாய் பிறந்தது 1909-இல், ஆந்திராவின் ராஜமுந்திரியில். எட்டு வயசில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. வயசுக்கு வந்த பிறகு, இந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம், நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கங்க என்று கணவரிடம் தானே சொல்லிவிட்டு விலகினார். அப்பாவும் தம்பியும் அவருக்குத் துணையாக நின்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு இப்படி வீடு துணை நின்றது சாதாரண விஷயமில்லை.

சின்ன வயசிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி ஆரம்பித்தார். காந்தி காக்கிநாடா வந்தபோது, தேவதாசிப் பெண்களும் கோஷா முஸ்லிம் பெண்களும் அவரைப் பார்க்கணும் என்று முயற்சி எடுத்தார். அதற்கு ஐயாயிரம் ரூபாய் நிதி திரட்டித் தரணும் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். துர்காபாய்க்கு அப்போ பன்னிரண்டு வயசுதான் இருக்கும். அந்தப் பெண்களையே சேர்த்துக்கொண்டு பணத்தைத் திரட்டிவிட்டார். கூட்டம் நடந்தது, காந்தியின் பேச்சைத் தெலுங்கில் சொன்னதும் அவர்தான்.

1923-இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டிய கதர் கண்காட்சி வாசலில் துர்காபாய் தொண்டராக நின்றார். டிக்கெட் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவருக்குக் கொடுத்த வேலை. வந்தவர் ஜவஹர்லால் நேரு. டிக்கெட் இல்லையா, நில்லுங்க! கூட இருந்தவர்கள் பதறிப் போனார்கள். கடைசியில் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நேரு உள்ளே போனார். சந்தா கட்டாத பெரிய வீட்டு அம்மாவிடம் கேட்கத் தயங்குகிற நம்ம குழுப் பொருளாளர்கள் இந்தக் கதையை ஒருதரம் நினைச்சுக்கலாம்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம். சென்னையில் கைதாகி, அடுத்த சில வருஷத்தில் மூன்று முறை சிறை போனார். மதுரைச் சிறையில் அவரைத் தனி அறையில் அடைத்தார்கள். வேலூர்ச் சிறையில் கூட இருந்த பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் மேல் என்ன வழக்கு, என்ன வாக்குமூலம் என்பதுகூடப் புரியாமல் உள்ளே கிடந்தார்கள். சட்டம் படிக்கணும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. ஆனால் அவரே பள்ளியைப் பாதியில் விட்டவர். காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனியாகப் படித்து எழுதித் தேறினார். மேலே படிக்க வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், பெண்களுக்கு விடுதி இல்லை, இடம் தர முடியாது என்றார்கள். விடுதி இருந்தால் படிக்க வருகிற பெண்கள் யார் யார் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெண்கள் வந்தார்கள், விடுதியும் வந்தது. 1942-இல் சென்னையில் வக்கீலானார்.

இதற்கு நடுவில்தான் மயிலாப்பூர்ச் சங்கம். அதன் பேர் லிட்டில் லேடீஸ் ஆஃப் பிருந்தாவன். சிறுமிகளுக்குப் பாட்டு, நாடகம், ஹிந்தி. பொழுதுபோக்குச் சங்கம் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். பிள்ளைகள் வந்தால் அவர்களுடைய அக்காமார், சித்திமார் வராமல் இருப்பார்களா? பள்ளியை விட்டவர்கள், வாழாமல் வீட்டோடு இருந்தவர்கள், விதவைகள் எனப் பல பெண்களுக்குப் படிப்பின் தேவை இருந்தது. தான் எழுதிய அதே காசி மெட்ரிக் தேர்வுக்கு இவர்களையும் தயார் செய்தார் துர்காபாய். இப்படி வளர்ந்ததுதான் 1937-இல் உருவான ஆந்திர மகிளா சபா. அப்புறம் தையல், கைத்தொழில், நர்ஸ் பயிற்சி, பிரசவ ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எல்லாம் நன்கொடையிலும், சம்பளம் வாங்காத பெண்களின் உழைப்பிலும்தான்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லணும். துர்காபாய் விலகி வந்த கணவர் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் இறந்ததும் அந்த இரண்டாவது மனைவி நிர்க்கதியானார். அவர் உதவி தேடி வந்தது துர்காபாயிடம்தான். சபாவில் தொழில் கற்றுக்கொடுத்து, பிற்பாடு கைத்தொழில் ஆசிரியையாக வேலை பார்க்கும் அளவுக்கு அவரை ஆளாக்கினார் துர்காபாய். நம்மில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும் என்று எனக்குத் தெரியலை.

சுதந்திரம் வந்த சமயத்தில் அரசியலமைப்பு சபையில் உறுப்பினர், பிறகு திட்டக்குழுவில் உறுப்பினர். 1953-இல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை மணந்தார், சாட்சிகளில் ஒருவர் நேரு. டிக்கெட் கேட்டு நிறுத்தப்பட்ட அதே நேரு! அந்த வருஷமே மத்திய சமூக நல வாரியம் தொடங்கியது, அதன் முதல் தலைவர் இவர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு அமைப்புகளுக்கு என்று 4 கோடி ரூபாய் ஒதுக்க வைத்ததில் இவர் பங்கு பெரியது. கிராமங்களில் பால்வாடி, பிரசவ உதவி, கைத்தொழில் என்று வேலை நடந்தது. 1958-இல் வாரியம் கொண்டுவந்த சுருக்கப் படிப்புத் திட்டம், படிப்பை விட்ட பெரிய பெண்களை இரண்டு மூன்று வருஷத்தில் பரீட்சைக்குத் தயார் செய்தது. மயிலாப்பூரில் செய்து பார்த்த அதே வேலைதான், இப்போ நாடு முழுக்க.

1975-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1981 மே மாதம் காலமானார். ஐதராபாத்திலும் ஆந்திர மகிளா சபாவின் கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. சென்னையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் சபா இருக்கிற சாலைக்கு அவர் பேர்தான். அடையாறு பக்கம் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்தே பலகையைப் பார்க்கலாம்.