இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்டு 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த கிறித்தவ மறைப்பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய மொழிகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவியமைக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். தாமிரபரணி முகத்துவாரத்தில் மண்ணுக்கடியில் மறைந்து கிடந்த பாண்டியரின் பழைய தலைநகரான கொற்கையையும், அதன் பின் எழுந்த காயல் துறைமுகத்தையும் நேரில் சென்று ஆராய்ந்து அடையாளம் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் என்பது இவரைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படாத செய்தியாகும்.

இளமை

கால்டுவெல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் நகருக்கு அருகிலுள்ள கிளேடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டவர். இவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறாம் வயதில் ஓவியம் பயில டப்ளின் நகருக்குச் சென்றார். அங்கிருந்த காலத்தில் சமய ஈடுபாடு மிகுந்ததால் ஓவியக் கல்வியைக் கைவிட்டுக் கிளாஸ்கோ திரும்பி, இலண்டன் மறைப்பணிச் சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்ஃபோர்டின் விரிவுரைகள் இவரை மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு ஈர்த்தன. அங்கு பெற்ற கிரேக்கப் பயிற்சி, பின்னாளில் பண்டைக் கிரேக்கர் எழுதிவைத்த தென்னிந்திய ஊர்ப்பெயர்களை ஆராய்வதற்கும் துணைநின்றது.

இடையன்குடிக்கு நடைப்பயணம்

1838 சனவரி 8 அன்று கால்டுவெல் சென்னை வந்து இறங்கினார். கப்பல் பயணத்தில் இவருடன் வந்தவர்களுள் தெலுங்கு அறிஞரான சி. பி. பிரௌனும் ஒருவர். சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றார். 1841 ஆம் ஆண்டு நற்செய்திப் பரப்புச் சங்கத்தில் சேர்ந்து, திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார்.

அப்பயணத்தை அவர் கால்நடையாகவே மேற்கொண்டார். சிதம்பரம், தஞ்சாவூர், நீலகிரி, மதுரை எனச் சுற்றிச் சென்ற நெடும்பயணம் அது. பல்லக்கிலோ குதிரையிலோ செல்வது ஐரோப்பியரின் வழக்கமாக இருந்த காலத்தில், மக்களையும் அவர்தம் பேச்சையும் அருகிலிருந்து அறிய இவர் இவ்வழியைத் தேர்ந்தெடுத்தார். வழியில் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

இடையன்குடி அப்போது செம்மணல் தேரிக்கு அருகே பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். கால்டுவெல் தெருக்களை நேராக அமைத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்களை நட்டார், பள்ளிகளைத் தொடங்கினார். 1844 இல், நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லசு மால்ட்டு என்பவரின் மகள் எலிசாவை மணந்தார். தமிழ்நாட்டுச் சூழலில் வளர்ந்த எலிசா, பேச்சுத் தமிழைக் கணவரினும் இயல்பாக அறிந்திருந்தார். இடையன்குடிப் பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தவர் அவரே. 1847 இல் அடிக்கல் நாட்டப்பட்ட தூய திரித்துவ ஆலயம் 1880 இல்தான் முடிந்தது.

சர்ச்சைக்குள்ளான நூல்

1849 இல் வெளிவந்த திருநெல்வேலிச் சாணார்கள் என்னும் ஆங்கில நூல், இன்று நாடார் என்று அறியப்படும் மக்களைப் பற்றியது. ஐரோப்பிய வாசகர்களுக்காக எழுதப்பட்ட இந்நூலில் அம்மக்களைத் தாழ்த்தும் கருத்துகள் பல இருந்தன. அவர்களிடையே ஆங்கிலம் கற்றோர் பெருகியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எவரிடையே வாழ்ந்தாரோ அவர்களையே புண்படுத்திய இந்நூலைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்வை எழுதுவது முறையாகாது.

ஒப்பிலக்கணம்

கால்டுவெல்லின் தலையாய படைப்பு திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம் ஆகும். இதன் முதற் பதிப்பு 1856 ஆம் ஆண்டிலும், விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகள் ஆராயப்பட்டன. தென்னிந்திய மொழிகள் சமசுக்கிருதத்தில் இருந்து பிறந்தவையல்ல என்னும் கருத்தை 1816 ஆம் ஆண்டிலேயே பிரான்சிசு வைட் எல்லிசு வெளியிட்டிருந்தார். ஆகவே முதலில் சொன்னவர் கால்டுவெல் அல்லர். சொல்லுருபு, வேற்றுமை, எண்ணுப்பெயர், வினை எனத் தனித்தனியே எடுத்து விரிவாக நிறுவியவர் அவர் என்பதே பொருந்தும்.

கொற்கையை அடையாளம் காணல்

பாண்டியரின் தலைநகர் என்றதும் எவரும் மதுரையையே நினைப்பர். அங்குக் கோபுரங்கள் உள்ளன, அரண்மனை உள்ளது. வெளியூரார்கூட ஊரை எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். கொற்கையிலோ கால்டுவெல் சென்றபோது இருந்தவை ஒரு பெரிய குளமும், வயல்களும், சில வீடுகளுமே. பழந்தலைநகர் என்று காட்ட ஒரு மதிலோ மாளிகையோ தரைக்குமேல் நிற்கவில்லை. கடலும் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எனவே இவ்வூர் ஒரு காலத்தில் துறைமுகமாகவும் அரசிருக்கையாகவும் விளங்கியது என்பதைக் கட்டடங்களைக் கொண்டு நிறுவ இயலாது. அவர் நான்கு வகைச் சான்றுகளை ஒன்றுசேர்த்தார்.

முதலாவது கிரேக்கரின் குறிப்புகள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடலின் பெரிப்ளசு என்னும் நூல், பாண்டியர் நாட்டில் முத்துக்குளிப்பு நடைபெறும் கொல்கோய் என்னும் இடத்தையும், அங்குத் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளிக்க அமர்த்தப்பட்டதையும் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி அதனை ஒரு வணிக நகரமாகக் குறித்துள்ளார். மன்னார் வளைகுடாவையே கிரேக்கர் கொல்கோய் வளைகுடா என்று அழைத்தனர் என்றால், அவ்வூரின் சிறப்பை உணரலாம். ஆனால் அது எந்த ஊர் என்பதில் ஐரோப்பிய நிலநூலார் ஒத்த கருத்துடையவராக இல்லை. கீழக்கரை என்று கருதியவர்களும் உண்டு.

இரண்டாவது சான்று மொழியிலிருந்து கிடைத்தது. கொல்கோய் என்பதில் லகரம் உள்ளது. கொற்கை என்பதில் றகரம் உள்ளது. தமிழ் அறியாதவர் இதனை ஒரு தடையாகக் கருதலாம். ஆனால் லகர மெய்யின் முன் ககரம் வந்தால் அந்த லகரம் றகரமாகத் திரியும் என்பது தமிழ் மாணவர் அறிந்த புணர்ச்சி விதி. கல் என்பது கற்கள் ஆவது போலவே கொல்கை என்பது கொற்கை ஆகும். அவ்வாறாயின் கிரேக்க வடிவம் திரிபுக்கு முந்தைய லகரத்தைக் காத்துவைத்துள்ளது. கொல், கை என்னும் இரு சொற்களிலிருந்து படை, பாசறை என்னும் பொருளை அவர் வருவித்தார். இச்சொற்பொருளை எல்லோரும் ஏற்பதில்லை. ஒலித்திரிபு பற்றிய விளக்கம் அதனைச் சார்ந்து நிற்கவும் இல்லை.

மூன்றாவது உள்ளூர் வழக்குகள். சேரன், சோழன், பாண்டியன் என்னும் உடன்பிறந்தார் மூவரும் கொற்கையில் ஒன்றாக ஆண்டு, பின்னர் பிரிந்து சென்றனர் என்னும் கதை மக்களிடையே வழங்கியது. இதனைக் கால்டுவெல் வரலாறாகக் கொள்ளாமல், அரசு தோன்றிய இடம் பற்றிய பழைய நினைவின் எச்சமாகக் கொண்டார். சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களும் துணைநின்றன. மாறமங்கலம் என்பதில் பாண்டியரின் மாறன் என்னும் பெயர் உள்ளது. அருகிலுள்ள அக்கசாலை என்னும் சிற்றூரின் பெயர் நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிப்பது. அங்குள்ள சிவன் கோயில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் என்றே வழங்கப்படுகிறது.

நான்காவது மண். கால்டுவெல் கொற்கையில் அகழ்வு செய்வித்தார். சில அடி ஆழத்திலேயே கடற்சிப்பிகளும் சங்குகளும் வெளிப்பட்டன. முதுமக்கள் தாழிகளும் கிடைத்தன. பொதிகை மலையில் தோன்றி வரும் தாமிரபரணி, நூற்றாண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்ததால் கடற்கரை கிழக்கே நகர்ந்தது என்றும், துறைமுகம் உள்நாட்டு ஊராக மாறியது என்றும் அவர் விளக்கினார். இன்று கொற்கை கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே உள்ளது.

இவ்வாய்வில் கருதத்தக்க ஒன்று உண்டு. கொற்கையின் முத்தையும் துறையையும் பாடும் சங்க நூல்கள் அப்போது அச்சேறியிருக்கவில்லை. மதுரைக்காஞ்சி, சிறுபாணாற்றுப்படை ஆகியவை அடங்கிய பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்தார். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனைக் குறிப்பிடும் சிலப்பதிகாரம், கால்டுவெல் இறந்த மறு ஆண்டு, 1892 இல் வெளிவந்தது. அகநானூறு அச்சில் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று பள்ளி மாணவர்க்கும் எட்டும் இச்சான்றுகள் இல்லாமலேயே அவர் சரியான ஊரை வந்தடைந்தார். அதே காரணத்தால்தான் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தை மிகப் பிற்காலத்தில் வைத்துத் தவறவும் செய்தார்.

காயல் துறைமுகம்

கொற்கை தூர்ந்தபின், ஆற்றின் புதிய முகத்துவாரத்தை ஒட்டிக் காயல் என்னும் துறைமுகம் எழுந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கும் செழிப்பான நகரமாக இதனை வருணித்துள்ளார். கால்டுவெல் இதனைப் பழையகாயல் என்று அடையாளம் கண்டார். அங்கு இரண்டு மூன்று மைல் தொலைவுக்கு நிலமெங்கும் ஓட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்ததையும், அவற்றிடையே சீனப் பீங்கான் உடைசல்களும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் மிகுதியாகக் காணப்பட்டதையும் அவர் பதிவு செய்தார். மார்க்கோ போலோவின் நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்த என்றி யூல், தம் குறிப்புகளில் கால்டுவெல் தெரிவித்த செய்திகளைச் சேர்த்துக்கொண்டார். கொற்கை, காயல் ஆய்வுகள் குறித்த கால்டுவெல்லின் கட்டுரை 1877 இல் இந்தியன் ஆன்டிகுவரி ஆய்விதழில் வெளியானது.

மார்க்கோ போலோ கண்ட நகரம் சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினமே என்று கொள்வோரும் உளர். அவ்வூரின் பழமையான பள்ளிவாசல்களும் கல்வெட்டுகளும் அவர்களுக்குச் சான்றாகின்றன. கொற்கையைப் போல இச்சிக்கல் முடிவுக்கு வந்துவிடவில்லை.

பிற்காலம்

1877 மார்ச்சு 11 அன்று கல்கத்தாவில் கால்டுவெல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவ்வாண்டே தென்னிந்தியாவில் பெரும்பஞ்சம் நிலவியதால், அவருடைய நேரத்தின் பெரும்பகுதி நிவாரணப் பணியில் கழிந்தது. 1881 இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். தொல்பழங்காலம் முதல், ஆங்கிலேயர் 1801 ஆம் ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றியது வரையுள்ள செய்திகள் இதில் அடங்கும். பாளையக்காரர் போர்களைப் பற்றிய பகுதி பெரிதும் ஆங்கிலேய அலுவலர்களின் ஆவணங்களைச் சார்ந்தது. கட்டபொம்மனை அறிய விழைவோர் இதனை மட்டும் படித்து அமைதல் கூடாது.

1883 இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். 1891 சனவரி இறுதியில் பணி ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்தின் பீடத்திற்கு அடியில் அடக்கம் செய்யப்பட்டது.

பின்வந்த அகழாய்வுகள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69 ஆண்டுகளில் கொற்கையில் அகழாய்வு நடத்தியது. செங்கல் கட்டுமானமும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கு எடுக்கப்பட்ட கரித்துண்டு ஒன்று கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி கி.மு. 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறியப்பட்டது. கால்டுவெல் ஊகித்த பழமைக்கு ஆய்வகச் சான்று கிடைக்க, அவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. 2021 இல் அத்துறை கொற்கையில் மீண்டும் அகழ்ந்தது. அவ்வாண்டு ஆதிச்சநல்லூர், சிவகளை ஆகிய தாமிரபரணிக்கரை ஊர்களிலும் அகழாய்வுகள் நடைபெற்றன. 1986 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் கொற்கை தூத்துக்குடி மாவட்டத்திலும், இடையன்குடி திருநெல்வேலி மாவட்டத்திலும் உள்ளன.

நினைவுச் சின்னங்கள்

1968 சனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, மெரீனா கடற்கரைச் சாலையில் தமிழறிஞர்களின் சிலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் கால்டுவெல்லின் சிலையும் ஒன்று. அதே வரிசையில் வீரமாமுனிவர், ஜி. யு. போப் ஆகியோரின் சிலைகளும் உள்ளதால், வெளியூர்களிலிருந்து வரும் மாணவர்கள் இம்மூவரையும் மாற்றி அடையாளம் கொள்வதுண்டு. இந்திய அஞ்சல் துறை 2010 இல் இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கி, 2011 பிப்ரவரியில் திறந்தது.