ஓட்டோ பாயர்: கழித்துக் கட்டிய குமிழியில் இருந்து பிறந்த நுரை மெத்தை

கிள்ளானில் மெத்தை வாங்கப் போனால், 'கிருமி எதிர்ப்பு நுரை' என்று எழுதிய அட்டையை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த நுரையின் பெயர் பாலியூரித்தேன். உங்கள் சோபா, கார் இருக்கை, காலணி, குளிர்சாதனப் பெட்டியின் சுவர் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கு. அதைத் தந்தவர் ஒரு ஜெர்மன் வேதியியலாளர்.

யார் இந்த ஓட்டோ பாயர்?

1902 நவம்பர் 4-ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். பெயரைப் பார்த்ததும் பாயர் மருந்து நிறுவனத்தின் வாரிசு என்று நினைத்துவிடாதீங்க. அந்தக் குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, 30 வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே லெவர்குசனில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத் தலைவரானார்.

ஹிட்லர் ஆட்சியோடு கைகோத்து, அவுஷ்விட்ஸ் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கிய நிறுவனம் அது. போருக்குப் பின் கலைக்கப்பட்டது. இவரின் கதையில் இதையும் விட்டுவிட முடியாது.

கேலியில் தொடங்கிய கண்டுபிடிப்பு

அந்த நேரத்தில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானைக் கண்டுபிடித்திருந்தது. அதன் காப்புரிமையில் சிக்காத புது பிளாஸ்டிக் வேண்டும். ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களைச் சேர்த்தால் போதும் என்றார் பாயர். சக ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. ஆனாலும் 1937 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1940-களின் தொடக்கத்தில் வார்த்த சில மாதிரிகளில் குமிழிகள் விழுந்தன. பரிசோதனைப் பிரிவினர் ஓட்டை விழுந்த பாலாடைக் கட்டியோடு ஒப்பிட்டுக் கேலி செய்து, அவற்றைக் கழித்துக் கட்டினார்கள். பாயர் குழு காரணத்தைத் தேடியது. கலவையில் ஈரம் இருந்தால் கரியமில வாயு வெளியாகிறது, அதுதான் குமிழி. சரி, அப்போ தண்ணீரை வேண்டுமென்றே சேர்த்தால்? நுரை பொங்கியது! 1950-களில் மென்மையான மெத்தை நுரை சந்தைக்கு வந்தது. பாயர் 1982 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலமானார்.

கிருமி எதிர்ப்பு எப்படி வந்தது?

இது பிறகு வந்தவர்களின் வேலை. நுரையின் துளைகளில் வியர்வையும் ஈரமும் தங்கும். நம்ம ஊர் புழுக்கத்தில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அதனால் நுரை பொங்குவதற்கு முன்பே, கலவையில் வெள்ளி அல்லது துத்தநாகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் வெளியேறி, பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைக்கின்றன.

மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் நுரைக் கட்டுகளிலும் இதே முறை உண்டு. நுரை கசிவை உறிஞ்சும். வெள்ளி கிருமியை அடக்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஆறாத கால் புண் எத்தனை குடும்பங்களின் கவலை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் வெள்ளிக் கட்டு மட்டுமே புண்ணை ஆற்றிவிடாது. சர்க்கரைக் கட்டுப்பாடு, இரத்த ஓட்டம், காலுக்கு அழுத்தம் தராமல் இருப்பது, இவைதான் அடிப்படை. எந்தக் கட்டு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மெத்தை வாங்கும்போது...

மெத்தையில் கலக்கும் மருந்து பெரும்பாலும் அந்த நுரையை நாற்றம், பூஞ்சையில் இருந்து காப்பதற்குத்தான். உங்களை நோயிலிருந்து காக்கும் என்று அர்த்தமில்லை. வெள்ளத்தில் ஊறிய மெத்தையையும் அது காப்பாற்றாது. தூக்கிப் போடுவதே நல்லது.

இன்னொரு சேதி: பாலியாலைச் செம்பனை எண்ணெயில் இருந்தும் எடுக்கலாம். பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் அதை ஆராய்ந்து உருவாக்கியிருக்கிறது. கேலிக்கு ஆளான அந்த நுரையை இனி நம் தோட்டத்துச் செம்பனையில் இருந்தும் செய்ய முடியும்.